அது எப்படித் தெரியும்?

(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் நான் கடைசியாக நின்றது தமிழ்த்தினப் பேச்சுப் போட்டியில். பாதியில் பேச்சு மறந்துபோய், கையைப் பிசைந்துகொண்டு நின்றுவிட்டு இறங்கிப் போனேன். அதைப் பார்த்தவர்கள் சிலர் இங்கேயே இருக்கிறார்கள். ஆகவே இன்று எழுதிக்கொண்டே வந்திருக்கிறேன்.

'பெண்களும் விஞ்ஞானமும்' என்ற தலைப்பில் பேசும்படி செயலாளர் கேட்டிருந்தார். அது மிகப் பெரிய தலைப்பு. எனக்குத் தெரிந்தது அதில் ஒரு மூலை மட்டுமே. கடந்த 20 வருடங்களாகப் பல்கலைக்கழகத்தில் முதலாம் வருட மாணவர்களுக்கு மூலக்கூற்றுக் கலவுயிரியல் படிப்பித்து வருகிறேன். அதற்கு முன்னர் அதே பாடத்தில் நானே தடுக்கி விழுந்திருக்கிறேன். அந்தப் பாடம் பாடசாலையில் படித்த பாடத்திலிருந்து எந்த இடத்தில் மாறுகிறது, எங்கள் கெட்டிக்காரப் பிள்ளைகள் ஏன் அந்த இடத்தில் வந்து திகைத்து நிற்கிறார்கள் என்பதை மட்டும் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

நான் இங்கே உயர்தரம் படித்தது 1990களின் தொடக்கத்தில். அப்போது உயிரியல் என்று ஒரு பாடம் இல்லை. தாவரவியல், விலங்கியல் என இரண்டு பாடங்கள். குடாநாட்டில் மின்சாரம் இல்லை. ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்கள் நாங்கள். ஆய்வுகூடத்தில் ஒழுங்காக வேலை செய்த நுணுக்குக்காட்டி ஒன்றே ஒன்றுதான். அதன் அடியில் சிறிய வட்டக் கண்ணாடி ஒன்று இருக்கும். யன்னலோரத்தில் வைத்து, அந்தக் கண்ணாடியைத் திருப்பித் திருப்பி வானத்து வெளிச்சத்தைப் பிடிக்கவேண்டும். மழை இருட்டுக் கட்டினால் செய்முறைப் பாடம் நின்றுவிடும். எங்கள் தாவரவியல் மிஸ் தன் வீட்டிலிருந்து வெங்காயம் கொண்டுவருவார். வெங்காயம் விலை ஏறியிருந்த நாட்களில், "உரிச்ச மிச்சத்தை எறிஞ்சு போடாதையுங்கோ பிள்ளையள், எனக்குக் கறிக்கு வேணும்" என்று திரும்ப வாங்கிக்கொண்டு போவார்.

வரிசையில் நின்று ஆளுக்கு அரை நிமிடம் பார்த்தோம். அரிந்த கல்லை அடுக்கிக் கட்டிய மதில் மாதிரி, ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டு வெங்காயத் தோலின் கலங்கள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு புள்ளி, அதுதான் கரு. அந்த அரை நிமிடம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. ஆனால் பரீட்சைக்கு அது தேவைப்படவில்லை. பரீட்சைக்குத் தேவைப்பட்டது படம். கலத்தின் படத்தைக் கீறி, அடிமட்டம் வைத்துக் கோடு இழுத்து, ஒவ்வொரு பகுதிக்கும் பெயர் எழுதவேண்டும். நான் அதில் கெட்டிக்காரி. இழைமணி, பச்சையவுருமணி, அகமுதலுருச் சிறுவலை, கொல்கி உபகரணம், இறைபோசோம் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுவேன். ஒன்றும் தவறாது.

அந்தப் பெயர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. 'மைற்றோகொண்ட்ரியா' என்று ஆங்கிலத்தில் படிக்கும் மாணவிக்கு அது வாயில் நுழையாத ஒரு சத்தம். கிரேக்க மொழியில் அதன் பொருள் இழையும் மணியும். பழைய காலத்து நுணுக்குக்காட்டியில் சிலவேளை நூல் போலவும் சிலவேளை மணி போலவும் தெரிந்ததால் வந்த பெயர். எங்கள் கலைச்சொல்லை ஆக்கியவர்கள் அதை அப்படியே 'இழைமணி' என்று வைத்தார்கள். நிறமூர்த்தமும் அப்படித்தான், சாயத்தை ஏற்று நிறம் பெறும் உரு. பல்கலைக்கழகத்தில் என்னோடு படித்த ஆங்கிலமொழி மூல மாணவிகளுக்கு இந்தப் பொருளை நான் சொல்லிக் கொடுத்த நாட்கள் உண்டு. அப்போது கொஞ்சம் தலைநிமிர்ந்து நடந்தேன் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

மருத்துவ பீடத்துக்கு எனக்குப் புள்ளி போதவில்லை. செத்தவீட்டுக்கு வருவது போலச் சொந்தக்காரர்கள் வந்து அம்மாவைப் பார்த்துவிட்டுப் போனார்கள். விஞ்ஞான பீடம் கிடைத்தது. கிளாலிக் கடலால் கடந்து போன கதையை இங்கே பாதிப் பேர் தாங்களே சொல்வீர்கள், நான் சொல்லவில்லை. அந்த வருடம் அந்தப் பீடத்துக்கு எங்கள் பாடசாலையிலிருந்து போனவர்கள் இரண்டு பேர், நானும் என் சிநேகிதியும். சிநேகிதியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலாம் வருட இறுதியில் கலவுயிரியல் பரீட்சை. ஒரு வினா இப்படி இருந்தது: 'கலத்தினுள் ஆக்கப்படும் ஒரு புரதம் கொல்கி உபகரணத்தினூடாகச் சென்றே வெளியே சுரக்கப்படுகிறது என்பதை எப்படிக் காட்டுவீர்?' எனக்குப் பெரிய சந்தோசம். கொல்கியைப் பற்றி எனக்குத் தெரியாதது என்ன இருக்கிறது? இரண்டு பக்கம் எழுதினேன். நிறப் பேனையால் படமும் கீறினேன். 20 புள்ளிக்கு 3 புள்ளி வந்தது. பிழை பார்த்திருக்கிறார்கள் என்ற எண்ணத்தோடு விரிவுரையாளரின் அறைக்குப் போனேன். அவர் விடைத்தாளை எடுத்து வைத்துப் பொறுமையாகப் பார்த்தார். பிறகு, "கொல்கி என்றால் என்ன என்று எழுதியிருக்கிறீர். எழுதியதெல்லாம் சரி. அது உமக்கு எப்படித் தெரியும் என்றுதான் நான் கேட்டேன்" என்றார்.

எனக்கு எப்படித் தெரியும்? புத்தகத்தில் இருந்தது. மிஸ் சொன்னார். அந்த இரண்டையும் தவிர என்னிடம் வேறு பதில் இருக்கவில்லை.

சரியான பதில் என்ன என்று உயர்தரப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். தோட்டத்தில் இறைக்கிறபோது வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். எந்தத் தண்ணீர் எந்தப் பாத்திக்கு எந்த வழியாகப் போகிறது என்று நின்று பார்த்தால் தெரியாது, எல்லாம் ஒரே தண்ணீர். ஆனால் ஒரு கை மஞ்சள் தூளை ஒரு கணம் மட்டும் தொட்டிக்குள் போட்டுவிட்டு நிறுத்தினால், அந்த மஞ்சள் நிறத் துண்டு எந்த நேரத்தில் எந்த இடத்தைத் தாண்டுகிறது என்று பின்தொடரலாம். நியூயோர்க்கில் ரொக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஜேமிசனும் ஜோர்ஜ் பலாடேயும் செய்தது இதைத்தான். 1967இல் வெளியிட்டார்கள். கினிப்பன்றியின் சதையியைச் சிறு துண்டுகளாக வெட்டி, கதிர்த்தொழிற்பாடுடைய லியூசின் என்ற அமினோ அமிலத்தை 3 நிமிடம் மட்டும் கொடுத்தார்கள். பிறகு அதை நிறுத்திச் சாதாரண லியூசினைக் கொடுத்தார்கள். வெவ்வேறு நேரங்களில் துண்டுகளை எடுத்து, மெல்லிய சீவலாக்கி, அதன்மேல் புகைப்படப் பூச்சைப் பூசி இருட்டில் வைத்தார்கள். கதிர் பட்ட இடத்தில் வெள்ளி மணிகள் கறுப்பாகத் தோன்றும். இலத்திரன் நுணுக்குக்காட்டியில் அந்தக் கறுப்பு மணிகளை எண்ணினார்கள். 3 நிமிடத்தில் பெரும்பாலானவை அகமுதலுருச் சிறுவலையின் மேல். 20 நிமிடமளவில் கொல்கிப் பக்கம். இரண்டு மணித்தியாலமளவில் சுரப்புக்குத் தயாராக நிற்கும் மணியுருக்களில். பலாடேக்கு 1974இல் வேறு இருவரோடு நோபல் பரிசு கிடைத்தது.

நான் பாடசாலையில் கீறிய படத்தில் இருந்த ஒவ்வொரு கோட்டுக்கும் பின்னால் இப்படி ஒரு வேலை இருந்திருக்கிறது. யாரோ ஒருவர் இருட்டறையில் காத்திருந்து எண்ணியிருக்கிறார். பல்கலைக்கழகத்தில் மூலக்கூற்றுக் கலவுயிரியல் என்று படிப்பது அந்த வேலையைத்தான். பெயர்கள் அதற்கு நுழைவுச்சீட்டு மட்டும். இதை எனக்கு யாரும் முதலிலேயே சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்லிவைக்கவேண்டும் என்றுதான் வந்தேன்.

'புத்தகத்தில் இருந்தால் போதாதா?' என்று ஒவ்வொரு வருடமும் ஒரு மாணவியாவது கேட்பாள். நியாயமான கேள்வி. அவளுக்கு நான் ஒரு கதை சொல்வேன்.

மனிதனுடைய கலத்தில் எத்தனை நிறமூர்த்தங்கள் என்று கேட்டால் இங்கே நிற்கிற பிள்ளைகள் எல்லோரும் 46 என்பீர்கள். 1950இல் கேட்டிருந்தால் உலகத்தில் உள்ள எந்தப் பேராசிரியரும் 48 என்றுதான் சொல்லியிருப்பார். அமெரிக்காவில் தியோபிலஸ் பெயின்ரர் என்பவர் விதைத் திசுவின் சீவல்களில் எண்ணினார். முதலில் 46ஆ 48ஆ என்று தயங்கினார். 1923இல் 48 என்று முடிவு கட்டினார். அவரைக் குறை சொல்ல முடியாது. கலத்துக்குள் நிறமூர்த்தங்கள் சிக்குப்பட்ட நூல்பந்து மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கும். அதை எண்ணுவது இலேசான காரியமல்ல. ஆனால் அவர் சொன்ன பிறகு வந்தவர்களும், 30 வருடங்களுக்கு மேலாக, எண்ணி எண்ணி 48 என்றே கண்டார்கள்.

1952இல் ரெக்சாசில் ரி.சி. சூ என்பவருடைய ஆய்வுகூடத்தில் ஒரு தவறு நடந்தது. கலங்களைக் கழுவும் உப்புக் கரைசலில் உப்புக் குறைந்துபோயிற்று. உப்புக் குறைந்த கரைசலில் கலம் நீரை உறிஞ்சிப் பருக்கும் என்பது உங்களுக்குப் பிரசாரணப் பாடத்திலேயே தெரியும். அப்படிப் பருத்த கலங்களில் நிறமூர்த்தங்கள் ஒன்றிலிருந்து ஒன்று விலகி, அழகாகப் பிரிந்து கிடந்தன. அதற்கு முன் அப்படி ஒரு தெளிவான காட்சியை யாரும் கண்டதில்லை. அந்தக் காட்சியைக் கையில் வைத்துக்கொண்டு சூ எத்தனை என்று எழுதினார் தெரியுமா? 48. கண் முன்னால் 46 கிடந்தது. மனதில் 48 இருந்தது. மனம் வென்றது.

பிறகு 1955 டிசம்பரில், சுவீடனில் லுண்ட் நகரில், அல்பேட் லெவானுடைய ஆய்வுகூடத்தில் ஜோ ஹின் சியோ என்பவர் எண்ணினார். சியோ யாவாத் தீவில் பிறந்தவர். யுத்த காலத்தில் யப்பானியரின் சிறையில் இருந்தவர். மருத்துவர் அல்ல, பயிர் விருத்தியில் பயின்றவர். லெவானும் மனிதக் கலத்தில் தொடங்கியவர் அல்ல. அவர் 1938இலேயே கொல்ச்சிசின் என்ற இரசாயனத்தைக் கொடுத்து வேர்நுனிக் கலங்களின் பிரிவை ஆராய்ந்தவர். எந்தத் தாவரத்தின் வேர்நுனி என்று நினைக்கிறீர்கள்? வெங்காயத்தின். எங்கள் மிஸ் கறிக்குத் திரும்பக் கொண்டுபோன அதே வெங்காயம். கொல்ச்சிசினால் கலப்பிரிவை இடையில் நிறுத்தி, உப்புக் குறைந்த கரைசலால் கலத்தைப் பருக்கவைத்து, தாவரக்காரர் வேர்நுனியை நசுக்குவதுபோல மெல்ல நசுக்கி, மனிதக் கலங்களில் அவர்கள் கண்டது 46. இருவருடைய கட்டுரை 1956இல் வந்தது. மருத்துவர் உலகம் பார்க்கத் தவறியதை இரண்டு தாவரக்காரர் கண்டார்கள். மருத்துவ பீடம் கிடைக்காமற் போன எனக்கு இந்தக் கதையில் ஒரு தனிப்பட்ட திருப்தி உண்டு, மறைக்கவில்லை.

இரண்டு குறைந்தால் என்ன, கூடினால் என்ன என்று கேட்கலாம். 1959இல் பாரிசில், டவுன் சகசம் உள்ள பிள்ளைகளின் கலங்களில் 47 நிறமூர்த்தங்கள் உண்டென்று கண்டார்கள். சாதாரண எண்ணிக்கை 46 என்று தெரியாதவரையில் 47 என்பதற்கு ஒரு அர்த்தமும் இல்லை. 48 என்று நம்பியிருந்தால் ஒன்று குறைந்திருக்கிறது என்று நினைத்திருப்பார்கள். அதுவரை அந்தத் தாய்மார் என்னென்ன பழிகளைச் சுமந்திருப்பார்கள் என்று இங்கே யோசித்துப் பாருங்கள். அந்தக் கட்டுரையில் முதலாவது பெயர் லெஜூன். கலங்களை வளர்த்து, கண்ணாடித் தகடுகளில் தயார் செய்து கொடுத்தவர் மார்த் கோத்தியே என்ற பெண் வைத்தியர். அவருடைய பங்கு வெளியே பேசப்படுவதற்குப் பல பத்து வருடங்கள் எடுத்தன. செயலாளர் தந்த தலைப்புக்கு இந்த ஒரு பந்தியையாவது காணிக்கையாக வைத்துவிடுகிறேன்.

இனி என்னுடைய 48 பற்றி.

இறுதி வருடத்தில் எனக்கு ஒரு ஆய்வு வேலை தந்தார்கள். ஒரு பற்றீரியாவில் குறித்த பரம்பரையலகு இருக்கிறதா என்று பிசிஆர் முறையால் பார்ப்பது. சிறிதளவு டீஎன்ஏயைக் குழாய்க்குள் வைத்துப் பல மடங்காகப் பெருக்கி, ஜெல்லில் ஓட்டிப் பார்க்கவேண்டும். ஜெல் என்பது அகார் போன்ற ஒரு வழுக்கட்டி. அதன் ஒரு ஓரத்தில் சிறு பள்ளங்கள் இருக்கும். அவற்றுக்குக் கிணறு என்றுதான் பெயர். கிணறுகளில் மாதிரிகளை ஊற்றி மின்னைச் செலுத்தினால் டீஎன்ஏ துண்டுகள் ஓடும். சிறியவை தூரம் போகும், பெரியவை பிந்தி நிற்கும். சாயமிட்டு ஊதாக்கடந்த ஒளியில் பார்த்தால் பட்டைகளாக மின்னும்.

மூன்று கிழமையாக எனக்கு ஒரு பட்டையும் வரவில்லை. நான்காவது கிழமை வந்தது. எதிர்பார்த்த இடத்தில், எதிர்பார்த்த அளவில், வடிவான ஒரு பட்டை. துள்ளிக் குதித்தேன். பிறகுதான் கடைசிக் கிணற்றைப் பார்த்தேன். அது கட்டுப்பாடு, அதற்குள் நான் டீஎன்ஏ போடவே இல்லை, வெறும் தண்ணீர். அதிலும் அதே பட்டை.

தண்ணீரில் பட்டை வந்தால் என்ன அர்த்தம்? நான் பாவித்த ஏதோ ஒன்றில் அந்த டீஎன்ஏ ஏற்கெனவே கலந்திருக்கிறது. அப்படியானால் மற்றக் கிணறுகளில் வந்த பட்டைகளுக்கும் ஒரு மதிப்பும் இல்லை. அறிக்கை கொடுக்க இன்னும் பத்து நாள். படத்தின் அந்த ஓரத்தை ஒரு விரற்கடை வெட்டிவிட்டால் யாருக்கும் தெரியாது. இப்படி நினைத்தேன் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. கத்தரிக்கோலைக் கையில் எடுத்தும் விட்டேன். ஆய்வுகூடத்தில் கண்ணாடிப் பொருட்கள் கழுவி வைக்கும் வயதான ஐயா ஒருவர் இருந்தார். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "மகள், தண்ணியிலையும் வந்திட்டுதோ? போன வருசம் ஒரு தம்பிக்கும் இப்பிடித்தான். எல்லாப் போத்தலையும் ஊத்திப்போட்டுப் புதுசாக் கலக்கினவர்" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனார்.

ஊற்றிவிட்டுப் புதிதாகக் கலக்கினேன். தண்ணீர், கரைசல், குழாய்கள் என்று ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிப் பார்த்தேன். தண்ணீர்ப் போத்தலில்தான் கோளாறு. பாவித்த குழாயி முனையை நானே அதற்குள் விட்டிருக்கவேண்டும். அறிக்கை பிந்தியது, அதற்குப் புள்ளியும் குறைந்தது. இரண்டாம் முறை தண்ணீர்க் கிணறு வெறுமையாக வந்தது. மற்றக் கிணறுகளில் பாதியில் பட்டை இல்லை. முதல் படத்தை நான் கொடுத்திருந்தால், அந்தப் பாதியும் பிழையாகப் போயிருக்கும்.

இன்று என் மாணவிகளின் ஜெல் படத்தைப் பார்க்கும்போது நான் முதலில் பார்ப்பது கடைசிக் கிணற்றைத்தான்.

புத்தகம் எப்படிப் படிப்பது என்று பல பிள்ளைகள் எனக்கு மின்னஞ்சல் எழுதிக் கேட்கிறார்கள். இந்தப் பாடத்துக்கு உலகம் முழுவதும் பாவிக்கப்படும் புத்தகங்கள் முக்கியமாக இரண்டு. புரூஸ் அல்பேட்சும் மற்றவர்களும் எழுதிய 'மொலிக்கியூலர் பயோலஜி ஒவ் த செல்' 1983இல் முதலில் வந்தது. டார்னெல், லோடிஷ், பால்ரிமோர் எழுதிய 'மொலிக்கியூலர் செல் பயோலஜி' 1986இல் வந்தது. இரண்டும் தலையணைக்கு வைக்கலாம், அவ்வளவு தடிப்பு. முதற் பக்கத்திலிருந்து நிறப் பேனையால் அடிக்கோடு போட்டுக்கொண்டு போனால் இரண்டாம் அத்தியாயத்தில் நித்திரை வரும், எனக்கு வந்தது. படங்களிலிருந்து தொடங்குங்கள். ஒரு படத்தை எடுத்து, அதன் கீழுள்ள எழுத்தைக் கையால் மூடிக்கொண்டு, இதில் எதை அளந்திருக்கிறார்கள், எதோடு ஒப்பிட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். பிறகு கையை எடுத்துவிட்டு வாசியுங்கள். அல்பேட்சின் புத்தகத்துக்குத் துணையாக ஜோன் வில்சனும் ரிம் ஹண்டும் எழுதிய பயிற்சிக் கணக்குப் புத்தகம் ஒன்று உண்டு. பெரிய புத்தகத்தை வாங்க வசதியில்லாவிட்டாலும் அதை எங்கேயாவது இரவல் வாங்குங்கள். அதில் உள்ள வினாக்கள் எனக்கு 3 புள்ளி வாங்கித் தந்த வினாவின் கூடப்பிறந்தவை.

அந்த ரிம் ஹண்ட் யார் என்றும் சொல்லவேண்டும். 1982 கோடையில் அமெரிக்காவின் வூட்ஸ் ஹோல் கடற்கரை ஆய்வுகூடத்தில், கடலடியில் முள்ளுருண்டை போலக் கிடக்கும் கடல் அர்ச்சினின் முட்டைகளைக் கருக்கட்டவைத்து, அவை ஆக்கும் புரதங்களை ஜெல்லில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாப் பட்டைகளும் நேரம் போகப் போகத் தடித்துக்கொண்டு வந்தன. ஒரு பட்டை மட்டும், கலம் பிரியும் நேரத்தில் மறைந்தது. பிறகு மறுபடியும் வந்தது. அடுத்த பிரிவில் மறுபடியும் மறைந்தது. அவர் தேடிக்கொண்டிருந்தது அதை அல்ல. கலப்பிரிவை நடத்தும் சைக்கிளின் என்ற புரதம் அப்படித்தான் அகப்பட்டது. 2001இல் நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது. புற்றுநோயில் கலம் ஏன் கட்டுமீறிப் பிரிகிறது என்று இன்று வைத்தியசாலைகளில் பேசப்படுகிற பேச்சில் பாதிக்கு அந்த மறைந்த பட்டை ஒரு ஆரம்பம்.

ஆங்கிலத்தைப் பற்றி நீளமாகப் பேசமாட்டேன். கஷ்டம்தான். முதல் தவணையில் விரிவுரை முழுவதும் மழைச் சத்தம் மாதிரித்தான் எனக்குக் கேட்டது. ஆனால் பலர் நினைப்பதுபோல அதுதான் முதற் தடை அல்ல என்பது என் அனுபவம். அந்த 3 புள்ளி வினாவைத் தமிழில் கேட்டிருந்தாலும் எனக்கு 3 புள்ளிதான் வந்திருக்கும். இரவில் விடுதியில் ஒரு பரிசோதனையைத் தமிழில் மற்றவருக்குச் சொல்லி விளங்கப்படுத்தப் பாருங்கள். சொல்ல முடிந்தால் ஆங்கிலத்தில் எழுதுவது பிறகு வரும். சொல்ல முடியாவிட்டால் ஆங்கிலத்தின்மேல் பழியைப் போடவேண்டாம்.

இப்போது என் சிநேகிதி. அவள் அனுமதி தந்த பிறகுதான் சொல்கிறேன். எங்கள் வகுப்பில் என்னைவிடக் கெட்டிக்காரி. அவள் கீறிய கலத்தின் படத்தை மிஸ் அடுத்த வகுப்புகளுக்குக் கொண்டுபோய்க் காட்டுவார். அவளுக்கும் முதலாம் வருடத்தில் என்னைப் போலவே புள்ளி வந்தது. நான் சண்டை பிடிக்க விரிவுரையாளரிடம் போனேன். அந்தச் சண்டைக்குணம் என்னைக் காப்பாற்றியது. அவள் போகவில்லை. "எனக்கு மூளை காணாதடி" என்று சொல்லிவிட்டு இன்னும் கூடப் படித்தாள். அதாவது, இன்னும் கூடப் பாடமாக்கினாள். இரண்டாம் முறையும் அப்படியே வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். அவளுக்கு மூளை காணும். வினா மாறிவிட்டது என்பதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த பிறகும் நான் அவளுக்குச் சரியாகச் சொல்லவில்லை. எனக்கே அது அரைகுறையாகத்தான் விளங்கியிருந்தது; அதோடு என் படிப்பில் நான் ஓடிக்கொண்டிருந்தேன். பிறகு அவள் கணக்கியல் படித்து இன்று என்னைவிட நல்ல நிலையில் இருக்கிறாள், கவலைப்படாதீர்கள். இந்த மண்டபத்தில்தான் இருக்கிறாள். போன வருடம் தொலைபேசியில் கதைக்கும்போது, "கொல்கி வெளியிலை அனுப்புறது எப்பிடித் தெரியும் எண்டு கேட்டவையெல்லோ, அதுக்கு என்னடி பதில்?" என்று கேட்டாள். வாய்க்காலும் மஞ்சளும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "இவ்வளவுதானோ" என்றாள்.

அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து யோசித்த ஒரு விடயத்தைச் சொல்லி முடிக்கிறேன். உயர்தரப் பரீட்சை முடிந்து பல்கலைக்கழகம் போகும்வரை எங்கள் பிள்ளைகள் நீண்ட காலம் வீட்டில் காத்திருக்கிறார்கள். அந்த மாதங்களில் சனிக்கிழமைகளில், பாடசாலை ஆய்வுகூடத்தில், கிழமைக்கு ஒரு பரிசோதனை வீதம் எடுத்துப் பேசலாம் என்று அதிபரிடம் கேட்டோம். அவர் சம்மதித்திருக்கிறார். ரியூசன் அல்ல, குறிப்பும் தரமாட்டோம். ரொறன்ரோ, லண்டன், சிட்னியில் இந்தத் துறைகளில் வேலை செய்யும் பழைய மாணவிகள் இணையவழியாக ஆளுக்கு ஒரு சனிக்கிழமை தந்தால் போதும். தங்களுக்குத் தெரிந்த ஒரு படத்தைக் காட்டி, இது எப்படித் தெரியவந்தது என்று சொன்னால் போதும். தங்கள் ஜெல்லில் பிழைத்த கதையைச் சொன்னால் இன்னும் நல்லது. பெயர் பதிவதும் கணக்கு வைப்பதும் என் சிநேகிதி. வாசலில் கொப்பியோடு இருக்கிறாள்.

முதலாவது சனிக்கிழமை நான் வருகிறேன். பிள்ளைகள் ஆளுக்கு ஒரு வெங்காயம் கொண்டுவரவேண்டும். நான்கு நாள் முன்னதாக, ஒரு ஜாம் போத்தலில் தண்ணீர் நிரப்பி, வெங்காயத்தின் அடி தண்ணீரில் முட்டும்படி போத்தல் வாயில் வைத்தால் வேர் விடும். அந்த வேர்நுனியைச் சாயமிட்டு நசுக்கி, பிரிந்துகொண்டிருக்கும் கலம் ஒன்றைத் தேடிப்பிடித்து, அதில் எத்தனை நிறமூர்த்தங்கள் என்று எண்ணப் போகிறோம். எத்தனை என்று நான் இப்போது சொல்லமாட்டேன். வரும்வரை நீங்களும் புத்தகத்தில் பார்க்காதீர்கள்.